பகலில் விழித்திருக்கும் டார்சியர்: போஹோல் தீவுக் காட்சியகங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

பிலிப்பைன்ஸின் போஹோல் தீவுக்குப் போய்வந்தவர்களின் படத்தொகுப்பில் ஒரு படம் தவறாமல் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பிராணி, கிளையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் பாதியை அடைத்த கண்களால் நம்மையே பார்க்கும். நம்மூரில் அந்தப் படத்தைத் "தேவாங்கு" என்று பகிர்கிறார்கள். "தேவாங்கு மாதிரி முழிக்கிறான்" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது இயல்புதான். ஆனால் இது தேவாங்கு இல்லை, டார்சியர். இந்த ஆய்வுக்கு அந்தப் படத்தில் முக்கியமாகப் படுவது வேறொன்று: வெளிச்சம். படம் பகலில் எடுக்கப்பட்டிருக்கிறது, இரவாடி விலங்கு கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. காட்டில் அந்த நேரத்தில் அதன் கண் மூடியிருக்க வேண்டும்.

போஹோலில் டார்சியர் காட்சி என்றால் பல ஆண்டுகளுக்கு லோபோக் ஊர்தான். மிதக்கும் உணவகங்கள் புறப்படும் ஆற்றங்கரையிலும் சாலையோரக் கடைகளிலும் கூண்டுகளில் டார்சியர்கள் இருந்தன. பார்வையாளர்கள் அவற்றைத் தொட்டார்கள், கையிலும் தோளிலும் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். 2010களின் தொடக்கத்தில் ஆற்றோரக் கூண்டுகள் விலக்கப்பட்டு, லோபோக்கும் பிலாரும் சந்திக்கும் பகுதியில் மரங்களுக்கு நடுவே நடைபாதை அமைத்துக் காட்டும் முறை வந்தது. இதே தீவில், கொரேலா ஊரின் கனப்னபான் பகுதியில், 1996இல் தொடங்கிய பிலிப்பைன் டார்சியர் அறக்கட்டளை வேறொரு முறையில் சரணாலயம் நடத்தி வருகிறது. ஒரே தீவில், ஒரே விலங்கை மூன்று விதமாகக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் விலங்குக்கு என்ன ஆகிறது என்பதை உடலமைப்பு, உணவு, நிலப்பரப்பு ஆகிய கணக்குகளிலிருந்து பார்க்கலாம்.

கூண்டு வைத்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. பெரும்பாலோர் அந்த விலங்கை விரும்பியவர்கள், அதை நம்பிப் பிழைத்தவர்கள். பகலில் வரும் சுற்றுலாக் கூட்டத்துக்கு ஏற்றபடி இரவு விலங்கு ஒன்றை வைத்ததுதான் கோளாறு. மற்ற தவறுகள் அனைத்தும் அதிலிருந்து கிளைத்தவை.

விலங்கின் உடல்

அறிவியல் பெயர் கார்லிட்டோ சிரிக்டா. போஹோல் மக்கள் மாமாக், மவ்மாக் என்று அழைக்கிறார்கள். போஹோல், சமார், லேய்ட்டே, மிண்டனாவ் முதலிய தீவுகளில் வாழ்கிறது. வேறெந்த நாட்டிலும் இந்த இனம் இல்லை. ஐரோப்பிய அறிவியலுக்கு இதை அறிமுகப்படுத்தியவர் ஜார்ஜ் ஜோசப் காமெல் என்ற ஏசு சபைத் துறவி. தேயிலைச் செடியின் பேரினமான கமெலியா இவர் பெயரைத்தான் தாங்குகிறது. அவருடைய குறிப்பை வைத்து 1758இல் லின்னேயஸ் இதைக் குரங்குப் பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார். 2010இல் டார்சியர்களை மூன்று பேரினங்களாகப் பிரித்தபோது, பிலிப்பைன் இனத்துக்குக் கார்லிட்டோ என்ற பேரினப் பெயர் கிடைத்தது. கொரேலாவைச் சேர்ந்த கார்லிட்டோ பிசாரஸைப் பெருமைப்படுத்த வைத்த பெயர் அது. சிறுவயதில் தந்தையோடு டார்சியர் வேட்டைக்குப் போய், பின்பு அவற்றைக் காப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். பேரினத்துக்கே பெயராகும் பேறு கள ஊழியர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

வளர்ந்த விலங்கின் எடை ஏறத்தாழ 80 முதல் 160 கிராம். தலையும் உடலும் சேர்ந்து 12 சென்டிமீட்டர் அளவு, வால் அதைவிட நீளம். ஒரு கண்ணின் குறுக்களவு 16 மில்லிமீட்டர், மூளைக்கு நிகரான அளவு. குழிக்குள் கண்ணைச் சுழற்ற முடியாது. பக்கவாட்டில் பார்க்கத் தலையைத்தான் திருப்ப வேண்டும், அதை இருபுறமும் 180 பாகை வரை திருப்பும். டார்சஸ் எனப்படும் கணுக்கால் எலும்புகள் நீண்டிருப்பதால் டார்சியர் என்ற பெயர். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் ஒன்றாய் இணைந்திருக்கின்றன. அந்தக் கால்களால் ஒரே தாவலில் மூன்று மீட்டருக்கு மேல் போகும்.

தேவாங்கோடு இதைக் குழப்பக் கூடாது என்பதற்கு வெறும் பெயர்ச் சுத்தத்தைவிட வலுவான காரணம் உண்டு. தேவாங்கின் விழித்திரைக்குப் பின்னால், பூனைக்கு இருப்பதுபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. டார்சியருக்கு அது கிடையாது. டார்சியரின் மூதாதைகள் பகலில் திரிந்தவை என்றும், பிற்பாடு இரவுக்குத் திரும்பியபோது அந்தப் படலம் இல்லாத குறையைக் கண்ணைப் பெரிதாக்கியே ஈடுகட்டின என்றும் கருதப்படுகிறது. மூக்கின் அமைப்பிலும் மரபணுவிலும் இது தேவாங்குக் கூட்டத்தில் சேராது, குரங்கு, மனிதன் உள்ள கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளைக்குப் பொதுவான ஒரு குறை இதற்கும் உண்டு: வைட்டமின் சி-யை உடலில் தயாரிக்க முடியாது. தேவாங்கு வளர்ப்பில் தேறியவர்கள் அதே முறையை டார்சியருக்குக் கையாண்டால் தவறுவது இங்கேதான்.

வெளிச்சமும் ஓசையும்

பகலில் டார்சியர் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்குள், கொடிகள் பின்னிய புதரிலோ மூங்கில் குத்திலோ செங்குத்தான தண்டைப் பிடித்தபடி தூங்கும். அந்த உயரம்தான் அதற்கு வினையானது. ஏணி, வலை, கண்ணி ஒன்றும் வேண்டாம், தூங்குவதைக் கையாலேயே பிடித்துவிடலாம். காடு திருத்தும்போது அகப்பட்டவையும் இப்படிப் பிடிபட்டவையும்தான் கூண்டுகளுக்கு வந்து சேர்ந்தன.

கூண்டில் பகல் என்பது தொடர்ந்து தட்டி எழுப்பும் நேரம். பேருந்து நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், பேச்சு, ஃபிளாஷ், நீட்டும் கை. மங்கிய ஒளிக்கென அமைந்த கோல் செல்கள் நிறைந்த விழித்திரையில் நண்பகல் வெளிச்சம் விழும்போது, பாவை சிறு புள்ளியாகச் சுருங்கிவிடும். படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். பாவை கண்ணை நிரப்பியிருந்தால் அது இருளில் உள்ள விலங்கு. பெரிய கண்ணின் நடுவில் கடுகளவு கருப்பு மட்டும் தெரிந்தால், பிராணி பட்டப்பகலில் விழித்திருக்கிறது. சுற்றுலாப் படங்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை.

தூக்கம் கெட்ட விலங்கு அன்றிரவு வேட்டையில் மந்தமாகும். இரவில் தின்னாதது மறுநாள் பகலில் சோர்ந்திருக்கும், மறுபடியும் எழுப்பப்படும். 120 கிராம் உடலில் சேமிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆகவே இந்தச் சுழலைப் பெரிய விலங்கு தாங்குவதுபோல் இது தாங்காது. வெளிப்படையான காயம், நோய் எதுவும் தெரியாமல் ஒருநாள் காலையில் கூண்டின் அடியில் கிடக்கும்.

ஓசை விஷயம் 2012 வரை யாருக்கும் பிடிபடவில்லை. டார்சியர் வாயை அகலத் திறப்பதையும், சத்தம் ஏதும் வராததையும் பார்த்தவர்கள் கொட்டாவி என்றே எண்ணினார்கள். மரிசா ராம்சியர் குழுவினர் மீயொலிக் கருவியை வைத்துப் பதிவு செய்தபோது, அந்த வாய்களிலிருந்து 70 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி வருவது தெரிந்தது. மனிதக் காதுக்கு எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். இந்த விலங்கு 91 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. தேவாங்கு, குரங்கு, மனிதன் எல்லாம் அடங்கிய முதனிகளில் இவ்வளவு உயரம் எட்டுவது அரிது. எல்லா வாய்த்திறப்பும் அலறல்தான் என்று இதை நீட்டக் கூடாது, டார்சியருக்கும் கொட்டாவி உண்டு. ஆனால் "சத்தம் போடவில்லை, அமைதியாகத்தான் இருக்கிறது" என்று காட்சியகத்தில் சொல்லப்பட்ட சமாதானத்துக்கு அன்றோடு அடிப்படை போயிற்று.

இரையின் கணக்கு

முதனிகளில் தாவர உணவைத் தொடவே தொடாதது டார்சியர் மட்டும்தான். வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, அந்துப்பூச்சி, சிலந்தி, சிறு பல்லி, சில வேளைகளில் சிறு பறவை என்று உயிருள்ளதையே தின்னும். அசைவது மட்டுமே அதற்கு இரையாகத் தோன்றும். செத்த பூச்சியைத் தட்டில் வைத்தால் திரும்பியும் பார்க்காது. பழம், ரொட்டி, பால் ஆகியவற்றால் பழக்கிவிடலாம் என்று முயன்றவர்களின் அனுபவம் ஒரே மாதிரியானதுதான்.

ஒரு நாளைக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு தின்னும் என்பது பொதுவான அளவு. 120 கிராம் விலங்குக்கு 12 கிராம். வளர்ந்த சுவர்க்கோழி ஒன்று அரை கிராம் அளவு இருக்கும், எனவே ஓர் இரவுக்கு 25 உருப்படி வேண்டும். பத்து டார்சியர் வைத்தால் இரவுக்கு 250, ஆண்டுக்கு 90,000க்கும் மேல். இந்த அளவில் பூச்சிப் பண்ணை நடத்தாத இடம், கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றும். கிடைப்பது மாவுப்புழு. அது மலிவு, டப்பாவில் வளரும், துள்ளி ஓடாது.

மாவுப்புழுவில் கொழுப்பு மிகுதி, கால்சியம் சொற்பம், பாஸ்பரஸ் அதைவிடப் பல மடங்கு. பொதுவாகவே பூச்சிகளில் இந்த விகிதம் தலைகீழாகத்தான் இருக்கிறது. காட்டில் டார்சியர் பலவகை இரை தின்பதாலும், அந்த இரைகளின் வயிற்றில் பச்சிலை இருப்பதாலும் ஓரளவு சரியாகிவிடும். ஒரே புழுவை மாதக்கணக்கில் தின்றால் எலும்பு மெலியும். தாவியே வாழும் விலங்குக்கு முதலில் போவது கால். சரி செய்யும் வழி தெரிந்ததுதான்: இரைப் பூச்சிகளுக்கு, அவற்றை டார்சியருக்குக் கொடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரம், கீரையும் வைட்டமின் சி உள்ள பழமும் தின்னக் கொடுத்து அவற்றின் வயிற்றை நிரப்ப வேண்டும். பிறகு கால்சியப் பொடி தூவி உடனே உள்ளே விட வேண்டும். தூவிவிட்டு அரை மணி காத்திருந்தால் பயனில்லை, சுவர்க்கோழி உடம்பைத் துடைத்துப் பொடியை உதிர்த்துவிடும். இரையை விடும் நேரம் பொழுது சாய்ந்த பிறகு. ஆனால் காட்சியகங்களில் பார்வையாளர் கண்முன் பகலில் ஊட்டுவதுதான் வழக்கமானது, ஏனென்றால் மாலையில் ஊழியர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கூண்டின் அமைப்பில் இன்னொரு பிழை. கிடைமட்டக் கிளைகள் பறவைக்குத்தான் உதவும். டார்சியருக்கு நேர் நிமிர்ந்த தண்டுகள் வேண்டும், அதுவும் கையும் காலும் சுற்றிப் பிடிக்கத்தக்க சில சென்டிமீட்டர் பருமனில், நெருக்கமாகப் பல. அப்படி இல்லாவிட்டால் அது கம்பிவலையைத்தான் பற்றும். மிரண்டு தாவும்போது, கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரியும் வலையில் தலை மோதும்.

"தற்கொலை" என்ற கதை இங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அடைத்து வைத்தால் டார்சியர் கூண்டில் தலையை மோதி உயிரை மாய்த்துக்கொள்ளும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், இணையத்தில் தமிழிலும் அது சுற்றுகிறது. கேட்க உருக்கமாக இருக்கிறது, கேட்டவர் கையை நீட்டாமல் இருந்தால் நல்லதுதான். ஆனால் மெல்லிய மண்டையோடு, குறுகிய கூண்டு, தப்பிக்கும் தாவல், தெரியாத வலை என்று நான்கும் சேர்ந்தால் மோதலுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கதையில் உள்ள கெடுதல் இது: சாவுக்குப் பொறுப்பு விலங்கின் மனத்துக்குப் போய்விடுகிறது, வலைக்கும் மாவுப்புழுவுக்கும் வருவதில்லை.

நிலத்தின் கணக்கு

கொரேலாவில் ரேடியோ காலர் கட்டி டார்சியர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளியானது. நடத்தியவர்கள் இரெனே நேரி-அர்போலெடா குழுவினர். இப்படிப்பட்ட ஆய்வில் கருவியின் எடைதான் முதல் தலைவலி. உடல் எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி, அப்படியென்றால் மின்கலம் உட்பட மொத்தமே ஆறு கிராம்தான். மின்கலம் சிறுத்தால் ஆயுளும் சிறுக்கும்.

கிடைத்த அளவு: ஓர் ஆணின் வாழ்பரப்பு சராசரியாக 6.45 ஹெக்டேர், பெண்ணுக்கு 2.45. நம் கணக்கில் 16 ஏக்கரும் 6 ஏக்கரும். 100 ஹெக்டேருக்கு 16 ஆண், 41 பெண் என 57 டார்சியர்கள் என்று மதிப்பிட்டார்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனித்தே திரியும். ஓர் ஆணின் பரப்பு பெண்களின் பரப்பு மேல் படரும், இன்னோர் ஆணின் பரப்போடு பெரிதாக உரசாது.

இந்த எண்களோடு நடைபாதைக் காட்சியகத்தைப் பாருங்கள். பார்வையாளர் கால் மணி நேரத்தில் நடந்து முடித்து, போகிற வழியில் எட்டு, பத்து டார்சியரைக் காண வேண்டும். ஒரு ஹெக்டேர் தோப்பில் பத்து வைத்தால் அது கொரேலாக் காட்டின் அடர்த்தியைப்போல் 17 மடங்கு. ஆண்களுக்குள் சண்டை வராமல் இருக்காது. தோப்பின் பூச்சிகள் சில வாரங்களுக்குக்கூடப் போதாது, ஆகவே மறுபடியும் மாவுப்புழு. கூண்டு மறைந்து மரம் வந்தது உண்மையான முன்னேற்றம்தான்: தொடுவது நின்றது, நேர்த்தண்டு கிடைத்தது, நிழல் கிடைத்தது. ஆனால் பகலில் எழுப்புவதும் நெரிசலும் அப்படியே தொடர்ந்தன. ஒரு மரத்தில் ஒரு விலங்கு, அதன் தலைக்கு மேல் இலைக் குடை, இரண்டடி தள்ளி மனித வரிசை என்ற ஏற்பாட்டில் குடை வெயிலைத் தடுக்கும், வரிசையைத் தடுக்காது.

இவற்றையெல்லாம்விட உறுத்துவது இனப்பெருக்கக் கணக்கு. சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம். ஒரு முறைக்கு ஒரே குட்டி. பிறக்கும்போதே அது 25 கிராம் அளவு, அதாவது தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. ஐம்பது கிலோ பெண் பத்துக் கிலோ பிள்ளையைச் சுமப்பதற்குச் சமம். இந்தச் சுமையைத் தாங்க வேண்டிய தாய்க்கு உணவு, தூக்கம் இரண்டிலும் குறை வைத்தால் குட்டி பிழைக்காது. டார்சியர்களை வைத்திருந்த வெளிநாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளிலும் ஆய்வகங்களிலும், மருத்துவரும் பூச்சிப் பண்ணையும் இருந்தும், குட்டிகள் பெரும்பாலும் தங்கவில்லை. தானே நீடிக்கும் வளர்ப்புக் கூட்டம் எங்கும் உருவாகவில்லை. அப்படியிருக்க, சாலையோரக் காட்சியகம் ஒன்றில் ஆண்டுதோறும் அதே பத்து விலங்கு இருந்தால், குறைவை நிரப்பியது காடுதான். விலங்கு மாறியிருக்கும், பார்வையாளருக்குத் தெரியாது. எல்லா டார்சியரும் நம் கண்ணுக்கு ஒரே முகம்.

சட்டத்தில் குறை சொல்வதற்கில்லை. 1997 ஜூன் 23 அன்று குடியரசுத் தலைவர் ஃபிடெல் ராமோஸ் வெளியிட்ட 1030ஆம் பிரகடனம் டார்சியரைச் சிறப்புப் பாதுகாப்பு பெற்ற விலங்காக அறிவித்தது. 2001இல் வந்த 9147ஆம் குடியரசுச் சட்டம் அனுமதியின்றிப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் தடுத்தது. ஓட்டை அனுமதியில் இருக்கிறது. அனுமதி பெற்ற இடத்தில் எத்தனை செத்தன, எத்தனை புதிதாய் வந்தன என்ற பேரேடு இல்லாவிட்டால் அனுமதி வெறும் தாள். ஒவ்வொரு விலங்குக்கும் தோலடி மைக்ரோசிப் பொருத்தி, வந்த நாள், எடை, இறந்த நாள் எழுதி வைப்பது பெரிய செலவே இல்லை.

கொரேலாவின் வழி

கனப்னபானில் காட்டின் ஒரு பகுதியைச் சுற்றி ஏழடி வேலி போட்டிருக்கிறார்கள். டார்சியரை அடைப்பதற்காகப் போட்டதல்ல அது. டார்சியர் இரவில் அதை ஏறித் தாண்டிப் போய்விட்டு வரும். வேலி பூனைக்கு. ஊர்ப் பூனை டார்சியருக்கு எமன், தாழ்வான உயரத்தில் தூங்குவதால் தப்புவது கடினம். அதிகாலையில் வழிகாட்டிகள் எந்த விலங்கு எந்தப் புதரில் படுத்திருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டு, பின்பு சிறு குழுக்களாக அழைத்துப் போகிறார்கள். பேசக் கூடாது, தொடக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. சில நாள் இரண்டு மூன்றுதான் தென்படும். "அவ்வளவுதானா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தச் சுளிப்புதான் இந்த முறை ஒழுங்காக நடப்பதற்கு அடையாளம். இங்கும் தூங்கும் விலங்கிடம் ஆளைக் கூட்டிப் போகிறார்கள் என்பதை மறுக்க முடியாது. பாதிப்பு இல்லாத காட்சி எதுவும் இல்லை, இங்கே பாதிப்பு குறைவு.

அந்த ரேடியோ காலர் ஆய்வு காட்டிய இன்னொரு செய்தி பயனுள்ளது: டார்சியருக்குப் பழங்காடுதான் வேண்டும் என்பதில்லை. வெட்டியபின் தழைத்து வரும் இளங்காடு, கொடியும் புதரும் அடர்ந்து தாழ்வாக இருக்கும் நிலையில், அதற்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. மறுபக்கம், லோபோக்குக்கும் பிலாருக்கும் இடையே எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் மகாகனித் தோப்பைப் பாருங்கள். மனிதர் நட்டு வளர்த்த அயல் மரம், உயரமும் ஒழுங்கும் கண்ணைப் பறிக்கும். அடியில் புதர் ஏறக்குறையக் கிடையாது. பற்றித் தூங்கத் தண்டும் தின்னப் பூச்சியும் டார்சியருக்கு வேண்டிய உயரத்தில் அங்கே அரிது. படத்துக்கு மோசமாகத் தெரியும் கரட்டுச் சுண்ணாம்புப் பாறைப் புதர்க்காடுதான் அதன் வீடு. 2013 அக்டோபர் 15இல் 7.2 அளவு நிலநடுக்கமும், 2021 டிசம்பரில் ஒடெட் புயலும் இத்தீவைப் புரட்டியபின், எதை மீண்டும் நடுவது என்ற கேள்வியில் இந்த வேறுபாடு முக்கியம்.

எண்ணிக்கை எடுப்பதும் எளிதில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில், 2022இல் 11,806 ஹெக்டேரில் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்குச் சரணாலயம் போன்ற இடத்தில், இரவில் தலைவிளக்கோடு நடந்து, மின்னும் கண்களை வைத்தே தேவாங்கை எண்ணிவிடலாம். டார்சியரின் கண் அப்படித் திருப்பி ஒளிராது. சுலவேசித் தீவின் டார்சியர்கள் விடியலில் ஜோடியாகக் கூவுவதால் காதால் எண்ணலாம். பிலிப்பைன் இனத்துக்கு ஜோடிக் கூவலும் இல்லை. மிஞ்சுவது பகலில் படுக்கைப் புதர்களைத் தேடுவது, இரவில் வலை கட்டிப் பிடித்துக் குறியிடுவது, அல்லது மீயொலிக் கருவி.

அந்தக் கருவியைக் காட்சியகங்களுக்கும் கொண்டுவரலாம். வௌவால் ஆய்வாளர்கள் கையில் வைத்துத் திரியும் சாதாரண மீயொலிக் கருவியே 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்கும். அதை 70-இல் வைத்து, காலை பத்து மணிக் கூட்டம் நடைபாதையில் நுழையும் முன் பத்து நிமிடம், உள்ளே இருக்கும்போது பத்து நிமிடம், போனபின் பத்து நிமிடம் பதிவு செய்ய வேண்டும். விலங்கு எத்தனை முறை வாயைத் திறந்தது என்று பக்கத்திலேயே ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் செய்தால், எத்தனை கொட்டாவி, எத்தனை அலறல் என்பது பிரிந்துவிடும்.